ஐம்பது சதவீத வரி நேரத்தில் நாலு மெஷின் வாங்கலாமா?

பேரணாம்பட்டுக்காரி (2025 நவம்பர் 30, காலை)

எல்லோருக்கும் வணக்கம். பேரணாம்பட்டு பக்கத்தில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். ஷூ அப்பர், அதாவது சோலுக்கு மேலே இருக்கும் பாகம், அதன் தையல். இருபது மெஷின், அதில் பாதி போஸ்ட் பெட் (கம்பம் மாதிரி உயர்ந்த மேடை உள்ள தையல் மெஷின்). ஆம்பூர் கம்பெனி ஒன்றிலிருந்து வெட்டின தோல் மூட்டையாக வரும். ஓரம் சீவுவது, மடிப்பது, லைனிங் ஒட்டுவது, தைப்பது எல்லாம் முடித்து ஜோடி ஜோடியாகக் கட்டித் திருப்பி அனுப்புவோம். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வேலை செய்கிறவர்கள் எல்லாருமே சுற்றுவட்டாரப் பெண்கள்.

ஜூன், ஜூலையில் மூச்சு விட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. போட்டோம். சூப்பர்வைசர் மணிக்கொரு தடவை போன் பண்ணி 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா' என்று உயிரை எடுத்தார். ஆகஸ்ட் நடுவில் மூட்டை குறைய ஆரம்பித்தது. தீபாவளி வரும்போது பாதி மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. போனஸ் கொடுக்க என் வளையலை அடகு வைத்தேன். அது வேறு கதை, விடுங்கள்.

இப்போது அதே கம்பெனி கூப்பிட்டுப் பேசுகிறது. ஜனவரியிலிருந்து வேலை நிறைய இருக்கிறதாம். இன்னும் நாலு போஸ்ட் பெட் போடச் சொல்கிறார்கள். ஆனால் ஜோடிக்கு இரண்டு ரூபாய் குறைத்துக்கொள்ள வேண்டும், பில் பணத்துக்கு 90 நாள் பொறுக்க வேண்டும். ஏனென்று கேட்டால் 'அமெரிக்கா வரி' என்கிறார்கள். பேங்கில் முத்ரா கடன் தரத் தயார்.

வீட்டுக்காரர் 'அமெரிக்காவில் ரிசஷன் வருது, கையை வைக்காதே' என்கிறார். தம்பியோ 'நம்ம நாட்டு வளர்ச்சி 8.2 சதவீதம், தைரியமா வாங்கு' என்கிறான். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே டிவிதான்!

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்த 50 சதவீத வரியை நிஜமாக யார் கட்டுகிறார்கள்? அமெரிக்காக்காரன் போட்ட வரி என் கூலியில் ஏன் வந்து விழுகிறது? மெஷின் வாங்கலாமா, கூடாதா?

குடியாத்தம் கைலி (நவம்பர் 30)

அக்கா, கடன் மட்டும் வாங்காதீங்க. எங்க தெருவில் நூல் விலை ஏறினப்போ 'அடுத்த மாசம் சரியாயிடும்' என்று கடன் வாங்கித் தறி போட்டவர்கள் நிறையப் பேர். தறி போச்சு, கடன் இருக்கு.

உங்க கம்பெனியை துபாய் வழியா அனுப்பச் சொல்லுங்க. அங்கே இருந்து போனா வரி கம்மிதானே? 10 சதவீதம் என்று எங்கேயோ படிச்சேன்.

ஷிப்பிங் பாய், மேல்விஷாரம் (நவம்பர் 30)

தங்கச்சி, நான் ஷூ கம்பெனிகளில் ஏற்றுமதி டாகுமெண்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், இதுதான் வாழ்க்கை. உங்கள் கேள்வியைப் படித்ததும் பழைய பழக்கத்தில் கால்குலேட்டரை எடுத்துவிட்டேன்.

முதலில் நம் குடியாத்தம் தம்பிக்கு. துபாய் வழியாக அனுப்பி, அங்கே செய்தது மாதிரி பேப்பர் காட்டினால் அதற்குத் தனியாக 40 சதவீத வரி, அபராதம் வேறு. அமெரிக்க அதிபரின் ஜூலை 31 தேதியிட்ட உத்தரவிலேயே இருக்கிறது. பெட்டியைத் திறந்து மாற்றிக் கட்டினால் ஷூ துபாய் ஷூ ஆகிவிடாது. சொல்லிவிட்டேன்.

இப்போது வரிக் கணக்கு. கட்டுவது அமெரிக்காவில் இறக்குமதி செய்கிறவன். அவனுடைய கஸ்டம்ஸில் சரக்கு இறங்கும்போது அவன்தான் செக் கொடுக்க வேண்டும். நம் முதலாளி ஒரு காசும் அங்கே கட்டுவதில்லை. கதை இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை.

ஆண்கள் தோல் ஷூ ஒரு ஜோடியைச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றும் விலை 20 டாலர் என்று வையுங்கள். இந்த ஷூவுக்குப் பழைய நாளிலிருந்தே 8.5 சதவீதம் வரி உண்டு. அதாவது 1 டாலர் 70 சென்ட். அதற்கு மேல் ஏப்ரல் 5 முதல் 10 சதவீதம் சேர்ந்தது. ஆகஸ்ட் 7 அன்று அது 25 ஆயிற்று. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக மொத்தம் 58.5 சதவீதம். 20 டாலர் ஷூவுக்கு வரி மட்டும் 11 டாலர் 70 சென்ட். இதே ஷூ வியட்நாமிலிருந்து போனால் 28.5 சதவீதம்தான், 5 டாலர் 70. ஜோடிக்கு ஆறு டாலர் வித்தியாசம். ஆறு டாலர் என்பது இந்தத் தொழிலில் மலை. ஐம்பது சென்ட்டுக்கு இரண்டு நாள் மெயிலில் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பையர், அதாவது அங்கே நம் ஷூவை வாங்குகிறவன், சும்மா இருப்பானா? போன் வரும், 'விலையைக் குறை'. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது, டிவியில் யாரும் சொல்வதில்லை. வரி என்பது நம் விலையின் மீது சதவீதமாக விழுகிறது. அதனால் நம் முதலாளி 20ஐ 18 ஆக்கினால் பையருக்கு மிச்சம் இரண்டு டாலர் இல்லை, 3 டாலர் 17 சென்ட். நாம் விடும் ஒவ்வொரு டாலருக்கும் அவனுக்கு ஒன்றரைக்கு மேல் லாபம். வரி இல்லாத காலத்தைவிட இப்போது தள்ளுபடி கேட்க அவனுக்கு ஆசை கூடுதல். அதனால்தான் விடாமல் பிடுங்குகிறான்.

ரூபாய் விழுந்ததில் கொஞ்சம் ஈடு கட்டலாம் என்பார்கள். ஏப்ரலில் டாலர் 86 என்று எடுத்தால் 20 டாலருக்கு 1720 ரூபாய். இன்று 89 வைத்து 18 டாலருக்கு 1602. ஜோடிக்கு 118 ரூபாய் குறைகிறது. தோல் விலை குறையாது. கெமிக்கல், சோல், கொக்கி, லேபிள் எல்லாம் எங்கே வாங்க வேண்டும் என்று பல நேரம் பையரே குறித்துக் கொடுத்துவிடுவான், அங்கும் பேரம் இல்லை. கரண்ட் பில்லைக் குறைக்க முடியுமா? மிச்சம் இருப்பது கூலி. அதிலும் சொந்தக் கம்பெனிக் கூலியில் கை வைத்தால் யூனியன் வரும், லேபர் ஆபீஸ் வரும். வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கும் இடத்தில் கேட்க ஆளில்லை. உங்களுடைய இரண்டு ரூபாய் அப்படித்தான் வந்தது.

ஜூன், ஜூலை அவசரமும் இதே சங்கதிதான். ஏப்ரல் 2இல் அறிவித்த கூடுதல் வரியை ஏப்ரல் 9 அன்று 90 நாள் நிறுத்தி வைத்தார்கள், ஜூலை 9 கெடு. அப்புறம் ஆகஸ்ட் 1 என்றார்கள். அதற்குள் கப்பலேற்றிவிட வேண்டும் என்று எல்லாரும் பறந்தார்கள். இரண்டாவது 25க்கான அறிவிப்பு ஆகஸ்ட் 6இல் வந்தது. 27க்கு முன்னால் கப்பலேறிய சரக்குக்கு விலக்கு உண்டு, ஆனால் செப்டம்பர் 17க்குள் அங்கே கஸ்டம்ஸில் ஆகிவிட வேண்டும். சென்னையிலிருந்து நியூயார்க் போகக் கப்பலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஆகஸ்ட் 20 அன்று ஏற்றினவனுக்கு அந்த விலக்கு எதற்கு? பேப்பரில் இருக்கும், கையில் வராது.

மெஷின் விஷயத்துக்கு நாளை வருகிறேன். அதற்குள் நீங்கள் ஒன்று செய்யுங்கள். கடைசியாக வந்த மூட்டையில் லைனிங்கில் அச்சடித்திருக்கும் சைஸைப் பாருங்கள். லேடீஸ் என்றால் 36, 37, 38 என்று போகிறதா, 6, 6½, 7, 7½ என்று அரை அரையாகப் போகிறதா? முதல் வகை என்றால் பெரும்பாலும் ஐரோப்பா. இரண்டாவது என்றால் அமெரிக்காவோ இங்கிலாந்தோ, அதை சூப்பர்வைசரிடம் கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம். உங்கள் மெஷின் யாருக்காக ஓடுகிறது என்று தெரியாமல் கடன் வாங்கக் கூடாது.

காட்பாடி வாத்தியார் (டிசம்பர் 1)

பாய் சொன்ன 3.17 கணக்கை நாளை வகுப்பில் போடப் போகிறேன். பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் வரைபடம் போட்டுச் சொல்வதை நாலு வரியில் சொல்லிவிட்டார்.

டிவி சண்டைக்கு என் தீர்ப்பு: உங்கள் வீட்டுக்காரரும் தம்பியும் சொல்வது இரண்டும் டிவியில் வந்த செய்திதான், இரண்டுமே பேரணாம்பட்டைப் பற்றியது கிடையாது.

8.2 சதவீதம் என்பது ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும் நாடு முழுவதும் சேர்த்து. இந்தியா அமெரிக்காவுக்கு ஒரு வருடத்தில் அனுப்பும் சரக்கு 8,600 கோடி டாலர் அளவு, நாட்டின் மொத்த உற்பத்தியில் இரண்டு சதவீதம் சொச்சம். அதிலும் செல்போனுக்கும் மருந்துக்கும் இந்த வரி இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் போன் மாட்டும் பெண்ணுக்கு ஆகஸ்ட் 27ஆல் ஒன்றும் மாறவில்லை. ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்ணுக்கு அப்படி இல்லை. திருப்பூர், சூரத், பதோஹி, ஆந்திராவின் இறால் குளங்கள், இந்த மாதிரி சில ஊர்களின் தலையில் மட்டும் மொத்தமாக இறங்கியிருக்கிறது. சராசரியில் இவை காணாமல் போய்விடும்.

அமெரிக்க மந்தநிலை பற்றி. இந்த வருடம் முதல் மூன்று மாதம் அவர்கள் பொருளாதாரம் லேசாகச் சுருங்கியது. உடனே எல்லாச் சேனலிலும் அபாயச் சங்கு. ஆனால் அதற்குப் பெரிய காரணம், வரி வருமுன்னே இறக்குமதியாளர்கள் சரக்கை அள்ளிக் குவித்தது. மொத்த உற்பத்திக் கணக்கில் இறக்குமதி கழிக்கப்படும், அவ்வளவுதான். அடுத்த மூன்று மாதம் நன்றாகவே வளர்ந்தது. 'இரண்டு காலாண்டு தொடர்ந்து சுருங்கினால் மந்தநிலை' என்பது வாய்ப்பாடு மட்டுமே. அங்கே அதிகாரபூர்வமாகச் சொல்வது நேஷனல் பீரோ ஆஃப் எகனாமிக் ரிசர்ச் என்ற அமைப்பின் ஒரு குழு. அவர்கள் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலையை எப்போது அறிவித்தார்கள் தெரியுமா? 2008 டிசம்பர் 1. முழுசாக ஒரு வருடம் கழித்து! அந்த அறிவிப்புக்குக் காத்திருந்து மெஷின் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது.

1930இல் அமெரிக்க அதிபர் ஹூவர் கையெழுத்திட்ட இறக்குமதி வரிச் சட்டத்தை இப்போது எல்லோரும் இழுக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வேண்டாம் என்று மனுக் கொடுத்தும் நிறைவேறியது. மற்ற நாடுகள் பதில் வரி போட, உலக வியாபாரமே சுருங்கியது. 1930களின் பெருமந்தத்தை அது ஒன்றே உண்டாக்கவில்லை, ஆனால் எரிகிறதில் எண்ணெய் ஊற்றியது. இன்றைய நிலையை அதோடு அப்படியே ஒப்பிடுவதை நான் ஏற்கவில்லை. இன்று வியாபாரிகளைக் கொல்வது வரியின் உயரத்தைவிட அதன் ஆட்டம். இந்த மாதம் 5ஆம் தேதி, மன்னிக்கவும், போன மாதம் 5ஆம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 'அதிபருக்கு இந்த வரி போட அதிகாரமே உண்டா' என்று வாதம் நடந்தது. தீர்ப்பு எப்படியும் வரலாம். இப்படி இருக்கும்போது எந்த பையர் ஆறு மாத ஆர்டரை ஒரே தடவையில் கொடுப்பான்?

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது 90 நாள். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கிறீர்களா? இருந்தால் சட்டப்படி உங்கள் பணம் அதிகபட்சம் 45 நாளில் வர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்'டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. இதைவிடக் கூர்மையான ஆயுதம் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது, 43பி பிரிவில் 'எச்' உட்பிரிவு. உங்களுக்குக் கெடுவைத் தாண்டி வருட முடிவில் பாக்கி வைத்தால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் கம்பெனி காட்ட முடியாது. வரி கூடும். இது 2023-24 கணக்கு வருடத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கம்பெனியின் ஆடிட்டருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. ரிசர்வ் வங்கி நவம்பர் 14 அன்று ஏற்றுமதியாளர்களுக்கு நிவாரணம் அறிவித்தது. தோல் துறையும் பட்டியலில் உண்டு. செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை விழும் தவணைகளுக்கு அவகாசம் கொடுக்க வங்கிகளுக்கு வழி செய்தது. வெளிநாட்டிலிருந்து பணம் வந்து சேர ஒன்பது மாதமாக இருந்த கெடு பதினைந்து மாதமாயிற்று. எல்லாம் சரி. ஆனால் ஏற்றுமதியாளரின் மூச்சு கொஞ்சம் நீண்டதே தவிர, அவருக்குத் தைத்துக் கொடுக்கும் உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. வங்கியிடம் அவகாசம் வாங்கிய கையோடு உங்களிடமும் 90 நாள் அவகாசம் கேட்பதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

வாணியம்பாடி பையன், நியூ ஜெர்சி (டிசம்பர் 1)

இங்கே ஒரு கிடங்கில் வேலை. ஷூவும் வரும். அக்கா, இந்தப் பக்கம் நடப்பது: கப்பல் விலை 20 டாலர் என்றால் கடையில் நாலு மடங்கு, ஐந்து மடங்குக்கு விற்பார்கள். நடுவில் பிராண்ட், கிடங்கு, வாடகை, தள்ளுபடி எல்லாம் உண்டு. வரி ஏறினதும் கடையில் விலையைச் சட்டென்று ஏற்றிவிடவில்லை. பழைய சரக்கு நிறைய இருந்தது. அது தீரத் தீர ஒவ்வொரு மாடலாக ஐந்து, பத்து டாலர் ஏறுகிறது. 'வரி' என்று பில்லில் தனியாக ஒன்றும் வராது, அதனால் இங்கே ஜனங்களுக்கும் கோபம் யார் மேல் என்று தெரிவதில்லை.

தேங்க்ஸ்கிவிங் மறுநாள் தள்ளுபடி விற்பனையில் ஆண்கள் ஷூ அலமாரியில் ஷூவின் நாக்குப் பட்டையைத் தூக்கி லேபிள் பார்த்தேன், ஊர்ப் பாசம். வியட்நாம், கம்போடியா, சீனா, நடுவில் சில இந்தியா. இந்தியா லேபிள் இருந்ததெல்லாம் போன வசந்தத்தில் வந்த மாடல். புது மாடலில் ரொம்பக் கம்மி. இது ஒரே கடை, இதை வைத்து நாட்டையே எடை போடாதீர்கள்.

ஆனால் ஒன்று நிச்சயம். இந்த வரியால் அமெரிக்காவில் ஷூ தைக்க ஆரம்பிப்பார்கள் என்று யாரும் பயப்பட வேண்டாம். இங்கே விற்கும் ஷூவில் கிட்டத்தட்ட எல்லாமே வெளியிலிருந்து வருகிறது. தையலுக்கு உட்கார ஆள் கிடையாது. உங்கள் வேலை போனால் வியட்நாமுக்குத்தான் போகும்.

ஷிப்பிங் பாய், மேல்விஷாரம் (டிசம்பர் 1, இரவு)

வாத்தியார் சார் வரியின் ஆட்டம் என்று சொன்னதை எங்கள் ஊர்க் கதையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தா ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், கணக்கெழுதினார். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டு அரைவேக்காட்டுத் தோலாகத்தான் கப்பலேற்றுவார்கள். லண்டனில் ஏலம். சாயம் போடுவது, மெருகு ஏற்றுவது, ஷூ செய்வது எல்லாம் வெள்ளைக்காரன் ஊரில். 1972இல் சீதாராமையா கமிட்டி வந்தது. அதன் பிறகு பச்சைத் தோல் ஏற்றுமதி கூடாது, அரைப்பதத் தோலுக்குக் கோட்டா, அதுவும் வருடா வருடம் குறையும் என்று நம் அரசாங்கமே தடுப்புப் போட்டது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எங்கும் 'தொழில் முடிஞ்சுது' என்றுதான் பேச்சு. முடியவில்லை. முழுத் தோல் செய்யப் பழகினார்கள், பிறகு அப்பர், பிறகு முழு ஷூ. நீங்களும் நானும் சோறு தின்றது ஒரு வர்த்தகத் தடையின் புண்ணியத்தில். அதனால் 'தடை என்றாலே கெடுதி' என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன்.

ஆனால் அந்தத் தடை வருடக் கணக்கில் சொல்லிவைத்து இறங்கியது. இந்த வருஷம் எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 2இல் 26 சதவீதம், ஒரு வாரத்தில் நிறுத்தம், பிறகு 25, பிறகு 21 நாள் நோட்டீஸில் 50. ஒரு ஷூ ஆர்டருக்கு சாம்பிள் போட்டு, ஓகே வாங்கி, தோல் எடுத்து, தைத்து, கப்பலேற்ற மூணு நாலு மாதம் ஆகும். சாம்பிள் போடும்போது ஒரு வரி, கப்பல் போய்ச் சேரும்போது வேறு வரி என்றால் எந்த முதலாளி எந்த விலையைச் சொல்வான்?

1991ஐயும் மறக்கக் கூடாது. சோவியத்துக்கு, டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் வியாபாரத்தில், அப்பரும் ஷூவும் மலை மலையாகப் போய்க்கொண்டிருந்தது. தரம் பற்றிப் பெரிய கேள்வி இல்லை, பணம் நிச்சயம். அந்த நாடே கலைந்தபோது இங்கே ரஷ்யாவை மட்டும் நம்பியிருந்தவர்கள் ஷட்டரை இறக்கினார்கள். ஜெர்மன்காரனுக்கும் கொஞ்சம் கொடுத்து வந்தவர்கள் தப்பினார்கள். அதே ஜெர்மன்காரன் சில வருடத்தில் தோலுக்குப் போடும் சில அசோ வகைச் சாயம் கூடாது என்று சட்டம் போட்டான், அதுவும் ஒரு வகைத் தடைதான். 2008இல் ஆர்டர் குறைந்தபோது ரூபாய் 39லிருந்து 50 பக்கம் போய்க் கொஞ்சம் காப்பாற்றியது. ஒவ்வொரு தடவையும் காரணம் வேறு. மூடினவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பையர், ஒரே நாடு, தலைக்கு மேல் கடன்.

இப்போது மெஷின். ஆம்பூரில் பழைய மெஷின் வியாபாரிகளிடம் போய் செகண்ட் ஹேண்ட் போஸ்ட் பெட் விலை கேளுங்கள். விலை விழுந்து, 'எத்தனை வேணும், எடுத்துக்கோ' என்றால் யூனிட்டுகள் மூடுகின்றன என்று பொருள். அப்படி இருக்கும்போது புது மெஷினுக்கு முத்ரா எதற்கு? விலை ஏறி, 'வெயிட் பண்ணும்மா' என்றால் வேலை நிஜமாகவே வருகிறது. காலையில் ஷூ கம்பெனி பஸ் எத்தனை ஓடுகிறது என்றும் பாருங்கள். மாதனூர் ரோட்டில் நின்றால் தெரிந்துவிடும். வேலை செத்த மாதத்தில் இரண்டு ஊர் ஆட்களை ஒரே பஸ்ஸில் அடைப்பார்கள். எனக்கு டிவி ரிசஷனைவிட இது நம்பிக்கை.

கம்பெனி 'வேலை நிறைய' என்கிறதே, எந்த பையர், எந்த நாடு, சாம்பிள் ஓகே ஆகிவிட்டதா என்று கேளுங்கள். சாம்பிள் கட்டத்தில் இருக்கும் ஆர்டரை வைத்து உங்களிடம் மெஷின் போடச் சொல்வது அவர்கள் பயத்தை உங்கள் கடனில் ஏற்றுவது. இங்கிலாந்துடன் ஜூலை 24இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிருக்கிறது. நடைமுறைக்கு வந்தால் அங்கே ஷூ வரி போய்விடும். அந்த ஆர்டர் என்றால் நான் வாங்கு என்பேன்.

குடியாத்தம் கைலி (டிசம்பர் 2)

துபாய் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன் பாய். வாத்தியார் சார் சொன்ன 45 நாள் சட்டம் எங்களுக்கும் உண்டு. ஆனா புகார் கொடுத்தவனுக்கு அடுத்த பாவு (தறியில் ஏற்ற வியாபாரி தர்ற நூல்) வராது. சட்டம் காட்பாடியில் இருக்கு, வியாபாரி குடியாத்தத்தில் இருக்கார்.

காட்பாடி வாத்தியார் (டிசம்பர் 2)

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு நிஜம். அதனால்தான் புகார் கொடுங்கள் என்று நான் எழுதவில்லை. பில்லின் மேலே உத்யம் எண்ணை அச்சடித்து அனுப்பினால் போதும். அதைப் பார்த்து மார்ச் மாதம் முதலாளியிடம் பேச வேண்டியது ஆடிட்டரின் வேலை. நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

பேரணாம்பட்டுக்காரி (டிசம்பர் 2, இரவு)

எல்லோருக்கும் நன்றி. பாய் சொன்னபடி மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். ஜூலை வேலையில் மிச்சம் கிடந்த லைனிங் துண்டில் 7½, 8, 8½. போன வாரம் வந்த சின்ன மூட்டையில் 37, 38, 39. இத்தனை வருஷம் கையில் பிடித்துத் தைத்தும் இது எந்த ஊருக்கு என்று யோசித்ததே இல்லை.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார்: ஜனவரி வேலையில் பாதி ஜெர்மனி, அது உறுதி. மீதி அமெரிக்கா, சாம்பிள் போயிருக்கிறது, பதில் வரவில்லை. அதாவது நாலு மெஷின் கேட்டதில் இரண்டு மெஷின் வேலைதான் நிஜம்.

ஆம்பூரில் பழைய மெஷின் விலையும் விசாரித்தேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார், அதிலேயே புரிந்துவிட்டது. ஒரு யூனிட் மூடி மொத்தமாக இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் இப்போது செய்யாறு ஷூ கம்பெனி பஸ்ஸில் போகிறார்களாம்.

இரண்டு பழைய போஸ்ட் பெட், கையில் இருக்கிற காசும் சீட்டுப் பணமும் போட்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன். முத்ரா வேண்டாம். கூலியில் ஜெர்மன் வேலைக்கு ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அதற்கு அமெரிக்க வரி என்ன சம்பந்தம்? அமெரிக்க வேலை வந்தால் ஒரு ரூபாய் விடலாம், அதுவும் 45 நாளில் பணம் என்றால் மட்டும். 'முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்' என்று போனை வைத்தார். என் உத்யம் சான்றிதழ் எங்கோ பீரோவில் இருக்கிறது, தேட வேண்டும்.

தம்பிக்கு மட்டும் கோபம், 8.2 சதவீதத்தை நான் நம்பவில்லையாம்.

ஷிப்பிங் பாய், மேல்விஷாரம் (டிசம்பர் 2, இரவு)

நல்ல பேரம். ஜெர்மன் வேலைக்குக் குறைக்க மாட்டேன் என்றது சரியான இடத்தில் போட்ட பூட்டு.

பழைய மெஷின் வாங்கும்போது தனியாகப் போகாதீர்கள், உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். மூடின யூனிட் மெஷின் சில மாதம் சும்மா நின்றிருக்கும், எண்ணெய் காய்ந்திருக்கும். துணியில் ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லைனிங்கோடு சேர்த்து இரண்டு மடிப்புத் தோல் நீங்களே கொண்டுபோய், மொத்த நூலில் வளைவு தைத்துப் பாருங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால், கீழே நூலைப் பிடிக்கும் ஹூக் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிக் கொடுத்தால்தான் பணம் என்று சொல்லுங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள், பின்னால் விற்க வேண்டி வந்தால் உதவும்.